வலிக்காத கொப்புளம்

கொல்லைமேட்டில் குர்ஷித் பேகத்தை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரத்தம் எடுக்கிற அக்கா' என்றால்தான் தெரியும். திருவண்ணாமலை மலைக்குப் பின்புறம், காப்புக்காட்டை ஒட்டி நாற்பது வீடுகள் உள்ள சிற்றூர் அது. வீட்டுக்கு வீடு ஆடு உண்டு. வாரத்தில் இரண்டு நாள் காலையில் மினி பஸ்ஸில் வந்து இறங்குவாள். தோளில் ஐஸ் பெட்டி, கையில் நோட்டு, புர்காவுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ். ஆட்டைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே நிறுத்தி, தாடையைத் தூக்கிப் பிடித்து, அது இரண்டாவது முறை கத்துவதற்குள் ரத்தத்தை எடுத்து முடித்திருப்பாள்.

ஆடு அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய அப்பா கீழ்பென்னாத்தூர்ச் சந்தையில் ஆட்டுத் தரகர். கல்யாணமாகி திருவண்ணாமலைக்கு வந்த பிறகு, கணவர் கலீல் ரஹ்மானின் மெத்தைக் கடைக்கு இருபத்திரண்டு வருடம் உறை தைத்துக் கொடுத்தாள். மகள் உம்மே ஹானியை வாணியம்பாடியில் கட்டிக் கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் எழிலரசி மெத்தை வாங்கக் கடைக்கு வந்தாள். முப்பது வயதைத் தாண்டிய கால்நடை மருத்துவர். காட்டு விலங்குகளுக்கும் வீட்டுக் கால்நடைகளுக்கும் இடையே நோய் எப்படிப் போய் வருகிறது என்று ஆராய்ச்சி செய்ய, செங்கம் ரோட்டில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தாள். ஆடு வளர்ப்பதெல்லாம் பெண்கள். வெளியூர் ஆண்கள் போய்க் கேட்டால் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. ஆட்டுக்குப் பயப்படாத ஒரு பெண் வேண்டும் என்று அவள் சொல்ல, கலீல் ரஹ்மான் சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பி, "இந்தா, உனக்குத்தான் வேலை வந்திருக்கு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

மூன்று வருடத்தில் குர்ஷித் பேகம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். ரத்தம் எடுப்பது, காதில் எண் குத்துவது, மான் புழுக்கையைச் சிமிழில் அடைத்துத் தேதி எழுதுவது. மலையடிவாரத்துப் புள்ளிமான்கள் கோடையில் தண்ணீருக்காக வேடியப்பன் குட்டைக்கு இறங்கும். அதே குட்டையில்தான் கொல்லைமேட்டு ஆடுகளும் வாய் வைக்கும். அங்கே ஒரு புங்கமரத்தில் எழிலரசி கேமரா கட்டியிருந்தாள். அதன் முன்னால் எது அசைந்தாலும் படம் பிடிக்கும். மான் போன பத்தாவது நிமிடத்தில் அதே இடத்தில் ஆடு நிற்கும் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல்தான் வந்து இறங்கினாள். நான்கு மாத வெயிலுக்குப் பிறகு முந்தின வாரம் நல்ல மழை பெய்து, குட்டைக்கரையெங்கும் புல் துளிர்த்திருந்தது. கடைசி வீட்டுச் சரோஜா பின்பக்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே, வேலிகாத்தான் முள்வேலியோரம், ஒரு வெள்ளாடு செத்துக் கிடந்தது.

"காலைல நல்லா தழை தின்னுச்சுக்கா. தண்ணி வெச்சிட்டுத் திரும்பறேன், தொப்புனு வுழுந்துடுச்சி. நாலு தடவ காலை ஒதைச்சிது, அவ்ளோதான்."

குர்ஷித் பேகம் குனிந்து பார்த்தாள். வயிறு மத்தளம்போல உப்பியிருந்தது. செத்து மூன்று மணி நேரம் ஆகியும் கால்கள் விறைக்கவில்லை. மூக்கிலிருந்து தார் நிறத்தில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அது உறையவே இல்லை. பயிற்சியின்போது எழிலரசி காட்டிய படம் கண்ணுக்குள் வந்து நின்றது. 

எழிலரசி அன்று சென்னையில் இருந்தாள். போனில் சொன்னவுடனே அவள் குரல் மாறியது. "அறுக்க விடாதீங்க பேகம்மா. யாரும் தொடக் கூடாது. காது நுனியில ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில தடவிட்டு, மூக்கு, வாய்ல பஞ்ச அடைச்சிடுங்க. ரெண்டு கையுறை போட்டுக்கங்க."

பெட்டியில் ஒரு ஜோடி கையுறைதான் மிச்சம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு காதைப் பிடித்தாள். கண்ணாடியில் சொட்டைத் தடவி முடித்து, மூக்கில் பஞ்சை வைத்துக் கையை இழுத்தபோது முள்ளில் பட்டது. மணிக்கட்டில் கையுறை ஒரு விரலளவுக்குக் கிழிந்தது. ஈரமாக ஏதோ உள்ளே இறங்கியதை உணர்ந்தாள். சரோஜா பார்க்கவில்லை. குர்ஷித் பேகம் கையுறையைக் கழற்றிப் பையில் கட்டிப்போட்டு, சோப்புப் போட்டு முழங்கைவரை ஐந்து முறை கழுவினாள். ஆறாவது முறையும் கழுவினாள்.

மறுநாள் காலை எழிலரசி கண்ணாடித் துண்டுக்கு நீலச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து இவளையும் பார்க்கச் சொன்னாள். மூங்கில் கணுக்களைத் துண்டுதுண்டாக வெட்டிக் கோர்த்ததுபோல் நீல நிறக் கோடுகள். சுற்றிலும் இளஞ்சிவப்பாக ஓர் உறை.

"அடைப்பான்," என்றாள் எழிலரசி. "ஆந்த்ராக்ஸ். லேப்ல உறுதி செய்யணும். ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல." பிறகு நேராக இவள் முகத்தைப் பார்த்தாள். "கையுறை கிழியலையே?"

"இல்ல மேடம்."

அந்தப் பொய் ஏன் வாயில் வந்தது என்று குர்ஷித் பேகத்துக்கே தெரியவில்லை. கிழிந்தது என்று சொன்னால் அது நடந்ததாகிவிடும். சொல்லாவிட்டால் நடக்காமலே போய்விடலாம். அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் ஓடியது.

அன்றைக்கே கால்நடைத் துறை ஆட்கள் வந்து ஆறடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி ஆட்டைப் புதைத்தார்கள். குட்டைப் பக்கம் ஆடு ஓட்டக் கூடாது என்றார்கள். கேமராவின் படங்களைத் தேடிய எழிலரசிக்குப் பத்து நாளைக்கு முந்தைய படம் ஒன்று கிடைத்தது. ஒரு பெண்மான் முன்னங்கால்களை அகட்டி, தலை தொங்க, தண்ணீரின் விளிம்பில் தள்ளாடி நின்றது. அடுத்த படத்தில் மான் இல்லை. அதற்கடுத்த மூன்று நாளும் தெருநாய்கள் வாயில் எதையோ கவ்விக்கொண்டு போயின. புதருக்குள் தேடியபோது எலும்பும் தோலும்தான் மிஞ்சியிருந்தன. அதன்மேல் பெய்த மழையில் அந்த இடம் மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது.

"வேற ஆடு ஏதாச்சும் செத்துச்சா? அறுத்தீங்களா?" என்று எழிலரசி சரோஜாவிடம் கேட்டாள்.

"இல்லம்மா. இதான் மொதல்ல" என்றாள் சரோஜா. அவள் கணவன் கோதண்டராமன் வாசலில் நின்று தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கை கழுவும்போது குர்ஷித் பேகம் அதைப் பார்த்தாள். இடது மணிக்கட்டில், சரியாகக் கையுறை கிழிந்த இடத்தில், கொசு கடித்தாற்போல ஒரு சிவப்பு. தண்ணீர் அதன்மேல் வழிந்துகொண்டே இருந்தது. குழாயை மூட மறந்து நின்றாள். தொழுகையில் ஓத வேண்டியது நாக்கில் வரவில்லை. நெற்றி தரையில் பட்டபோதும் மனசு மணிக்கட்டிலேயே இருந்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த உம்மே ஹானிக்கு அப்போது ஏழாம் மாதம். "அம்மி, தலைக்கு எண்ணெய் வெச்சி விடுங்க" என்று முன்னால் வந்து உட்கார்ந்தாள். குர்ஷித் பேகம் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடாமல், "சளி புடிக்கிற மாதிரி இருக்கு. நீ தள்ளி உக்காரு" என்றாள். அன்றிலிருந்து தன் தட்டைத் தனியாக வைத்துக்கொண்டாள். துணியைத் தனியாகத் துவைத்தாள். செவ்வாய்க்கிழமை போட்டிருந்த புர்காவை மகளின் துணிகளோடு சேர்த்து ஊற வைத்தது ஞாபகம் வந்ததும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அத்தனையையும் உருவிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.

"இன்னா ஆச்சி உனக்கு?" என்றார் கலீல் ரஹ்மான்.

"ஒண்ணுமில்லங்க."

சனிக்கிழமை விடிந்தபோது சிவப்பின் நடுவில் நீர் கோத்திருந்தது. ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை. நகத்தை வைத்து அழுத்தினாள். கொஞ்சம்கூட வலிக்கவில்லை. எழிலரசி ஒருமுறை சொன்னது காதில் கேட்டது: 'சாதாரணக் கட்டின்னா வலிக்கும். இது மொதல்ல அரிக்கும், அப்புறம் நடுவுல கருத்துப் போகும், ஆனா வலிக்காது. அதனாலதான் ஜனங்க ஆஸ்பத்திரிக்கு லேட்டா வராங்க.' குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வலிக்கட்டும் யா அல்லாஹ், ஒரே ஒரு தடவை வலிக்கட்டும் என்று கொப்புளத்தைச் சுற்றி அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அன்று கொல்லைமேட்டில் தடுப்பூசி போடும் வேலை. எழிலரசி குட்டைப் பக்கம் இருந்தாள். ஊசி போட்ட ஆடுகளைக் கணக்கெடுக்க வீடு வீடாகப் போன குர்ஷித் பேகம், சரோஜா வீட்டுப் பின்சுவரில் ஓர் ஆட்டுத்தோல் உப்பு தடவி ஆணியடித்துக் காய்வதைப் பார்த்தாள். புதைத்த ஆடு கறுப்பு. இந்தத் தோல் செம்பழுப்பும் வெள்ளையுமாக இருந்தது.

 பிறகு வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். சரோஜா கதவை முழுதாகத் திறக்காமல் எட்டிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்க?"

"வேலைக்குப் போயிட்டாருக்கா."

உள்ளே யாரோ முனகினார்கள்.

"சரோஜா, பின்னால தோல் காயுது. பாத்துட்டேன்."

"அது பழைய தோலுக்கா. எப்பவோ அறுத்தது."

"உப்பு இன்னும் கரையவே இல்ல."

சரோஜாவின் முகம் இறுகியது. "போக்கா நீ. எழுதிக்கினு போயி எதையாச்சும் சொல்லிடுவ. எல்லா ஆட்டையும் குழியில போட்டு மூடிடுவாங்க. காட்டுல மேய்க்கவே விட மாட்டாங்க. அப்பறம் நாங்க எங்க போறது? பௌர்ணமி வேற வருது, கிரிவலத்துக்கு வர்ற ஜனமெல்லாம் இந்த ஊரப் பாத்துக் காறித் துப்பும்."

இதற்கு எழிலரசி சொல்லிக் கொடுத்த பதில்கள் குர்ஷித் பேகத்திடம் இருந்தன. ஆடுகளைக் கொல்ல மாட்டார்கள், ஊசிதான் போடுவார்கள் என்று இதே வாயால் பத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். இப்போது அதைச் சொல்லிப் பயனில்லை என்று பட்டது. புர்காவின் கையை முழங்கைவரை சுருட்டி, மணிக்கட்டைக் கதவிடுக்கில் நீட்டினாள்.

"பாரு. அன்னைக்கு உன் ஆட்டுக்கிட்ட கையுறை கிழிஞ்சிது. டாக்டரம்மா கேட்டாங்க, இல்லன்னு பொய் சொல்லிட்டேன். ரெண்டு நாளா எம் பொண்ணத் தொடல. எம் புருஷங்கிட்டயும் சொல்லல. எனக்கும் உன்ன மாதிரிதான் பயமா இருக்கு."

சரோஜா அந்தக் கொப்புளத்தையே பார்த்தாள். பிறகு கதவு திறந்தது.

கோதண்டராமன் பாயில் கிடந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. சரோஜா அதை அவிழ்த்தாள். மணிக்கட்டுக்குக் கீழே, கரித்துண்டைப் பதித்து வைத்தாற்போல் கறுப்பாக ஒரு வட்டம். அதைச் சுற்றி நீர்க் கொப்புளங்கள். கை முழங்கையைத் தாண்டி வீங்கிப் பளபளத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"வலிக்குதாங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

"புண்ணு வலிக்கலம்மா," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "குளுருதான் தாங்கல."

சரோஜா அழுதுகொண்டே சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆடு நடுங்கிக்கொண்டு படுத்துவிட்டது. சாவதற்குள் கோதண்டராமன் அறுத்துவிட்டான். கூறு போட்டு ஐந்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். உள்ளே உப்பில் மடித்து ஒளித்து வைத்திருந்த தோலை முந்தின நாள்தான் பின்சுவரில் அடித்திருந்தாள். "நல்லாத்தான் வேக வெச்சோம்க்கா. அன்னைக்கி எல்லாரும் சந்தோசமா வாங்கிக்கினு போனாங்க. இப்ப போயி எப்படிச் சொல்லுவேன், உங்களுக்கு விஷத்தக் குடுத்துட்டேன்னு?"

குர்ஷித் பேகம் வெளியே வந்து போனை எடுத்தாள்.  "மேடம், சரோஜா வீட்டுக்காரருக்கு வந்திருக்கு. ஞாயித்துக்கெழம ஒரு ஆட்ட அறுத்திருக்காங்க, அஞ்சி வீட்டுக்குப் போயிருக்கு." நிறுத்தினாள். "இன்னொண்ணு மேடம். அன்னைக்கு கையுறை கிழிஞ்சிது. எனக்கும் ஒரு கொப்புளம் இருக்கு."



"நூத்தி எட்டுக்கு நான் சொல்றேன்," என்றாள் எழிலரசி. "நீங்களும் அதே வண்டியில ஏறுங்க. திட்டறதெல்லாம் அப்புறம்."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் எழிலரசி ஓடி வந்துவிட்டாள். இருவரும் சரோஜாவை அழைத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் போனார்கள். நான்கு வீட்டில் கறி தின்று தீர்ந்திருந்தது. கறியைக் கழுவியது யார், நறுக்கியது யார் என்று எழிலரசி பெயர்களை எழுதிக்கொண்டாள். ஐந்தாவது வீட்டு ஜோதியம்மாள் பாதிக் கறியை மஞ்சளும் உப்பும் தடவி, நூலில் கோர்த்துக் கூரைக்குக் கீழே உப்புக்கண்டம் போட்டிருந்தாள். வெயிலில் காய்ந்து கருத்த துண்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒரு நாட்டுக்கோழி அதன் அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"மழைக்காலத்துக்கு வெச்சிருக்கேன், தர மாட்டேன்" என்று குறுக்கே நின்றாள் ஜோதியம்மாள். சரோஜாதான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் பெரியம்மா, அவரு உள்ள கெடக்கறத வந்து பாரு" என்று கதறினாள். ஜோதியம்மாள் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து நூலைக் காட்டிவிட்டு, கூடத்தின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கையுறை மாட்டி எழிலரசி அதை அறுத்து இறக்கினாள். சரோஜா வீட்டுச் சுவரிலிருந்த தோலையும் எடுத்துக் கட்டினாள்.

அரசு மருத்துவமனையில் கோதண்டராமனைத் தனி அறையில் போட்டார்கள். குர்ஷித் பேகத்தின் கொப்புளத்திலிருந்து பஞ்சில் நீர் ஒற்றியெடுத்து, அப்போதே மாத்திரையும் கொடுத்தார்கள். இது மனிதரிடமிருந்து மனிதருக்குச் சாதாரணமாகத் தொற்றாது என்று டாக்டர் சொன்னார். அவள் அதை மூன்று முறை திருப்பிக் கேட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் தொற்றாதா? தொற்றாதும்மா. துணி மூலமாக? புண்ணில் பட்ட துணியைக் கொதிக்க வைத்தால் போதும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். கலீல் ரஹ்மான் அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உம்மே ஹானிக்குத்தான் கோபம் பொங்கியது. "சளின்னு சொன்னீங்களே அம்மி! உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் தட்டு கழுவறதப் பத்தியா நெனச்சிக்கினு இருந்திருப்பேன்?" என்று கத்திவிட்டு, பெரிய வயிற்றோடு அம்மாவின் மடியில் சாய்ந்து அழுதாள். குர்ஷித் பேகம் அவள் தலையில் கை வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு வலது கையை வைத்தாள்.

அடுத்த பத்து நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை. ஐந்து வீட்டுக்காரர்களுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். யாருக்காவது வயிறு வலித்தால், பிள்ளைகள் யாராவது இருமினால், கொல்லைமேட்டிலிருந்து போன் வரும். கோதண்டராமனுக்கு நான்காம் நாள் வீக்கம் தோளைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறியது. மூச்சுவிடத் திணறினான். பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவமனையில் சொன்னதாக ஊரில் பேச்சு வந்தது. சரோஜா அந்த அறை வாசலை விட்டு நகரவில்லை. குர்ஷித் பேகம் தினமும் சோறு கட்டிக்கொண்டு போய், அவளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.  உள்ளே செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டால் இருவரும் எழுந்து நிற்பார்கள்.

ஆறாம் நாள் வீக்கம் இறங்கத் தொடங்கியது. பதினெட்டாம் நாள் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டுக்குக் கீழே கறுப்புப் பொருக்கு உதிர்ந்த இடத்தில் குழி விழுந்தது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை. வேறு யாருக்கும் நோய் வரவில்லை.

குர்ஷித் பேகத்தின் கொப்புளம் கருக்காமலே வற்றியது. பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. பூச்சிக் கடியாக இருக்கலாம், கிருமி பஞ்சில் சிக்காமல் போய், ஆரம்பத்திலேயே மாத்திரை போட்டதால் அடங்கியும் இருக்கலாம் என்றார் டாக்டர். எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் கழித்து எழிலரசி திட்டினாள், சொன்னபடியே. "நீங்க மறைச்சா நான் யாரை நம்பறது பேகம்மா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஐஸ் பெட்டியில் பத்து ஜோடி கையுறைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவளை அனுப்புகிறாள்.

மானின் எலும்பில் கிடைத்த கிருமியும் ஆட்டின் கிருமியும் ஒன்றுதான் என்று லேப் முடிவு வந்தது. மானுக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. எப்போதோ யாரோ புதைத்த மாட்டிலிருந்து இருக்கலாம் என்கிறாள் எழிலரசி. மண்ணுக்குள் அது முப்பது வருடமோ நாற்பது வருடமோ சாகாமல் கிடக்குமாம். குட்டையைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அது ஆட்டை நிறுத்தும், மானை நிறுத்தாது. கேமராவில் இப்போதும் மான்கள் வேலியைத் தாண்டி வந்து நிதானமாகத் தண்ணீர் குடிக்கின்றன. குர்ஷித் பேகம் ஒவ்வொரு படத்திலும் அவற்றின் கால்களைத்தான் முதலில் பார்க்கிறாள், அகட்டி நிற்கிறதா என்று.

உம்மே ஹானிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அயான் என்று பெயர் வைத்தார்கள். நாற்பது நாள் முடிந்து குர்ஷித் பேகம் வேலைக்குத் திரும்பிய வாரம், ஐப்பசி மழை விடாமல் பெய்த மறுநாள், சரோஜாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒரு ஆடு செத்துப்போச்சு. மூக்குல ரத்தம் வருது. நான் தொடல. யாரையும் கிட்ட விடல. அவரக்கூட வூட்டுக்குள்ள வெச்சி தாப்பாப் போட்டுட்டேன். நீ வா."

மினி பஸ்ஸில் பெட்டியைத் திறந்து கையுறைகளை எண்ணிப் பார்த்தாள். எழிலரசியும் கூட வந்தாள். ஊரே வீதியில் நின்றது, ஆனால் ஆட்டைச் சுற்றி இருபதடிக்கு ஆள் இல்லை. சரோஜா கையில் கம்போடு நாய்களை விரட்டிக்கொண்டிருந்தாள். இரட்டைக் கையுறை மாட்டி, முள்ளில்லாத பக்கமாகக் குனிந்து, குர்ஷித் பேகம் காது நுனியில் ஒரு சொட்டு எடுத்தாள். செங்கம் ரோட்டு மாடியில் சாயம் ஏற்றிக் காய வைத்தபோது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழிலரசி மூன்று கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்ல," என்றாள் கடைசியில். "கால்ல ரெண்டு பல் தடம் பாத்தீங்களா? கண்ணாடி விரியன். அது கடிச்சாலும் ரத்தம் உறையாது."

குர்ஷித் பேகம் உடனே போன் போட்டுச் சொன்னாள்.  சரோஜா கேட்டாள்:

"பாம்பா? வெறும் பாம்புதானாக்கா?"

"பாம்புதான் சரோஜா."

விரியன் திரியும் வேலியோரத்தில் நின்றுகொண்டு சரோஜா நிம்மதியாக அழும் சத்தம் போனில் கேட்டது. குர்ஷித் பேகம் அதைக் கேட்டபடியே நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே மறுபடியும் மழை தூறத் தொடங்கியிருந்தது.